மஞ்சள் பூசிய கால்

சீனுவாசனுக்கு வந்ததை நோய் என்று ஒப்புக்கொள்ள ஊரில் ஒருவருக்கும் மனசில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். வெட்டுக்காயம் என்றால் ரத்தத்தைப் பார்க்கலாம். இது என்ன இழவோ, பெருமுக்கல் மலைக்குக் கூட்டிப்போனால் மனிதர் ஒவ்வொரு படியாக ஏறி உச்சிக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறார். வீட்டுக்கு வந்தால் நிலைப்படிக்கு முன்னால் பாதம் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னே சாய, அப்படியே நின்றுவிடுகிறார். இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கிற அளவுக்கு நல்லவர்கள் அந்த ஊரில் பிறந்திருக்கவில்லை.

அவர் மனைவி வீரம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. விழுகிறவரைப் பிடிப்பதே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. கிணற்றடியில் ஒருமுறை விழுந்தார், முன்பல் போயிற்று. மாட்டுக்கொட்டகையில் உடம்பைத் திருப்பும்போது மல்லாக்க விழுந்தார், பின்மண்டையில் தையல் போட்டார்கள். அடுப்படியில் விழுந்தபோது கொதிக்கிற கேப்பைக் கூழ் அவர் மேல் கொட்டாமல் போனது யார் செய்த புண்ணியமோ. அவர் விழும்போது கையை ஊன்றக்கூட மாட்டார். வெட்டிய மரம் சாய்வது போல் அப்படியே சாய்வார். எழுப்பி உட்கார வைத்தால் முகத்தில் வலியும் இருக்காது, வெட்கமும் இருக்காது. அந்த முகம் சிரித்து வருஷக்கணக்கில் ஆகிறது. நோய் அதையும் இறுக்கிவிட்டது என்பது வீரம்மாளுக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் அதைத் திமிர் என்றார்கள்.

விழுப்புரத்தில் ஒரு நரம்பு டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கியபின் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பூக்கூடைக்காரிக்கும் சைக்கிளுக்கும் நடுவே இருந்த சந்தில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் இடித்தார்கள், திட்டினார்கள். ஒருவன், காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டாரு பாரு என்றான். வீரம்மாளுக்குச் செருப்பைக் கழற்றலாமா என்றிருந்தது. ஆனால் ஒரு கையை விட்டால்கூட அவர் விழுந்துவிடுவார்.

டாக்டர் நல்ல மனிதர். நடுக்குவாதம் என்று பெயர் சொன்னார். "இது அவர் வேணும்னு பண்றது இல்லம்மா. மூளையிலேருந்து காலுக்குப் போற தகவல் வழியில நின்னுடுது. வாசப்படி, சந்து, திரும்புற இடம், இங்கல்லாம் கால் ஒட்டிக்கும். அப்போ இழுக்காதீங்க, தள்ளாதீங்க. தாண்டுறதுக்குக் கண்ணுக்கு எதிர்ல ஏதாவது காட்டுங்க, தாண்டிடுவார். படியேற முடியுது இல்ல? அதுக்கும் அதுதான் காரணம்" என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்.

காட்டுவதற்கு வீரம்மாளிடம் வேறு என்ன இருக்கிறது? தன் காலைக் காட்டினாள். அவர் நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிட்டால் பக்கத்தில் போய்த் தன் காலை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக நீட்டுவாள். குனிந்த தலையோடு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். திடீரென்று ஒரு காலைத் தூக்கி அதைத் தாண்டுவார். தாண்டிவிட்டால் அடுத்த கால் தானாக வந்துவிடும். புருஷன் தன் காலைத் தாண்டிப் போவதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. அவர் விழவில்லையே, அது போதும்.

இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன் மகன் தேவநாதன். திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மில்லில் வேலை. தினமும் சைக்கிளில் போய் வருவான். அப்பன் பார்க்க வேண்டிய கழனி வேலையும் அவன் தலையில் விழுந்திருந்ததால் வாயில் நல்ல வார்த்தை வருவது அபூர்வம்.

"மல மேல ஏறத் தெரியுது, வூட்டுக்குள்ள வரத் தெரியலயா? நல்லா நடிக்கிறாரும்மா. நீ காலு வேற நீட்டிக்கினு நிக்கிற. வேலக்கிப் பயந்துக்கினு பண்ற கூத்து இது" என்பான்.

"வாயக் கழுவுடா. டாக்டரே சொன்னாரு" என்பாள் வீரம்மாள்.

"டாக்டருக்கு இன்னா, சொல்லுவாரு."

சீனுவாசன் காதில் எல்லாம் விழும். பதில் சொல்ல வாயெடுத்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வரும். அது வந்து சேருவதற்குள் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பான். வீரம்மாளுக்கு மகன்மேல் கோபம் வரும். கோபம் வந்த கையோடு, விடிந்ததிலிருந்து உழைக்கிறானே பாவம் என்றும் தோன்றும். இரண்டு பக்கமும் பேச முடியாமல் அவள் பாத்திரத்தைத்தான் போட்டு உடைப்பாள்.

எண்பத்தாறாம் வருஷம் சித்திரையில் திரௌபதியம்மன் கோயிலில் தீமிதிக்கு நாள் குறித்தார்கள். காப்பு கட்டுகிற அன்று மத்தியானம் சீனுவாசனைக் காணவில்லை. வீரம்மாள் தேடிக்கொண்டு ஓடினாள். அவர் கோயில் வாசலில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நிற்கிறார். மணிக்கட்டில் காப்பு கட்டியாகிவிட்டது. கட்டிவிட்டவர் தருமகர்த்தா கிருஷ்ணசாமி.

அவள் கிருஷ்ணசாமியின் முன்னால் போய் நின்றாள். "மாமா, நிலப்படி தாண்ட முடியாதவரு நெருப்புல எப்பிடி எறங்குவாரு? அவுத்துடுங்க மாமா" என்று கெஞ்சினாள்.

"கட்டுன காப்ப அவுக்கச் சொல்றியே, நீ பொம்பளயா? அவனா வந்து கேட்டான், கட்டுனேன். அம்மன் பாத்துக்குவா" என்றார் கிருஷ்ணசாமி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கட்டிய காப்பைத் தீ மிதிக்காமல் அவிழ்த்தால் குடும்பம் விளங்காது என்பது ஊர் வழக்கம். ஊரை எதிர்த்து நிற்கிற தெம்பு வீரம்மாளுக்கு இல்லை. சொல்லப்போனால் அம்மனை எதிர்த்து நிற்கிற தைரியமும் இல்லை.

அதைவிடப் பெரிய இடி சாயந்தரம் விழுந்தது. தண்ணீரும் மாத்திரையுமாகப் போய் நின்றவளிடம் சீனுவாசன் தலையை ஆட்டிவிட்டார்.

"வேணாம். இதுல இன்னா இன்னா கலக்குறானோ. வெரதத்துக்கு ஆவாது."

"டாக்டரு நிறுத்தக்கூடாதுன்னாரு இல்ல?"

"அம்மன் மேல பாரத்தப் போட்டுட்டு மாத்திரயும் முழுங்குனா, அப்புறம் அது இன்னா நம்பிக்க?" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாளாகியிருந்தது.

மாத்திரை நின்றதும் கை நடுக்கம் கூடியது. படுத்தால் புரண்டு படுக்க முடியவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் கொட்டியது. கூழில் கலந்து கொடுத்துவிடலாமா என்று வீரம்மாள் நினைத்தாள். மாத்திரையைப் பொடி பண்ணிக்கூட வைத்தாள். ஆனால் விரதத்தைத் திருட்டுத்தனமாகக் கெடுத்து, அதனால் அவருக்கு நெருப்பில் ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தில் பொடியைச் சாம்பலோடு கொட்டிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல வருகிறவர்கள் அவள் இடத்தில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

இதற்கு நடுவில்தான் அந்த அதிசயம் நடந்தது. சாயந்தரம் கோயிலில் பம்பை அடிப்பார்கள். காப்பு கட்டியவர்கள் வரிசையாகக் கோயிலைச் சுற்றி வர வேண்டும். பம்பை முழங்கியதும் சீனுவாசனின் கால் எழுந்தது. அடிக்கு ஓர் எட்டு, அடிக்கு ஓர் எட்டு என்று ஒட்டாமல், இடறாமல், திரும்புகிற மூலையிலும் நிற்காமல் சுற்றி வந்தார். ஊரே வாயைப் பிளந்தது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, "பாத்தியாக்கா, அம்மன் எறங்கி வந்துட்டா" என்று வீரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீரம்மாளும் அழுதாள். தெய்வம்தான் என்று அன்றைக்கு அவளும் நம்பினாள். பம்பை நின்று வீட்டுக்கு வந்ததும் நிலைப்படியில் அவர் மறுபடி ஒட்டிக்கொண்டபோது அந்த நம்பிக்கை பாதியாகக் குறைந்தது. தெய்வம் கோயிலோடு நின்றுவிடுமா? அல்லது பம்பையோடு வந்து பம்பையோடு போய்விடுமா? அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

தேவநாதன் மில்லிலிருந்து வந்ததும் சொன்னாள். "நீயும் காப்பு கட்டிக்கடா. நைனாக்குப் பின்னாலயே எறங்கு. வுழுந்தாருன்னா புடிச்சிக்க."

"நடிக்கிறவரு எதுக்கு வுழுவாரு?"

"டேய், எனக்கு வேற யாருடா இருக்கிறாங்க?"

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து காப்பு கட்டிக்கொண்டான். தீமிதி முடிகிற வரைக்கும் மில்லுக்குப் போனாலும் ஒரு டீகூட வெளியில் குடிக்கவில்லை. செருப்புப் போடாமல் தார் ரோட்டில் சைக்கிள் மிதித்தான். நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, செய்தால் ஒழுங்காகச் செய்கிற ஜாதி அவன்.

தீமிதி அன்று பொழுது சாய்கிற நேரம். கோயிலுக்கு எதிரில் குண்டத்தில் கட்டைகள் எரிந்து அடங்கி, கங்குகளைத் தட்டிப் பரப்பியிருந்தார்கள். குண்டம் முடிகிற இடத்தில் ஈரமண்ணால் ஒரு சின்னக் கரை. கரையை ஒட்டிப் பால்குழி. நெருப்பிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கரையில் கால் வைத்து, பாலும் தண்ணீரும் ஊற்றிய குழியில் இறங்கி, அம்மனைப் பார்த்துப் போக வேண்டும். வீரம்மாள் அந்தக் கரையைப் பார்த்தாள். வீட்டில் நிலைப்படி எந்த அகலமோ, எந்த உயரமோ, இதுவும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு கிருஷ்ணசாமியிடம் ஓடினாள். "மாமா, அந்தக் கரையில நின்னுடுவாரு மாமா. அத வெட்டி எடுத்துடச் சொல்லுங்க. இல்லன்னா பம்பக்காரங்கள அங்கயே நிக்கச் சொல்லுங்க. பம்ப கேட்டா நடப்பாரு."

"கரய எடுத்தா பாலு நெருப்புல ஓடும். கொஞ்சம் சும்மா இரு, பேஜாரு பண்ணாத" என்றார் கிருஷ்ணசாமி. "ஒம் புருசனுக்கோசரம் கடைசியில வுட்டுருக்கேன். யாரும் இடிக்க மாட்டாங்க. நிம்மதியா வருவான்."

நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். பூங்கரகம் முதலில் இறங்கும். பம்பையும் உடுக்கையும் கரகத்தோடு போய்விடும். கடைசியில் இறங்குகிறவனுக்குப் பம்பை இருக்காது. இது அவருக்குத் தெரியாததல்ல. பம்பைக்கும் சீனுவாசனின் காலுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியாது.

கரகம் இறங்கியது. "கோவிந்தா, கோவிந்தா" என்று கூட்டம் கத்தியது. ஒவ்வொருவராக ஓடிக் கடந்தார்கள். கரகம் கோயிலுக்குள் போனதும் பம்பையும் போயிற்று. கரகத்துப் பூவுக்காகப் பாதிக் கூட்டம் அதன் பின்னால் ஓடியது. கடைசியாகச் சீனுவாசன் இறங்கினார். தூரத்தில் தேய்கிற பம்பைச் சத்தம் இன்னும் அவர் காதில் இருந்திருக்க வேண்டும். குனிந்த உடம்போடு, சின்னச் சின்ன எட்டாக, கங்கின் மேல் வேகமாக வந்தார். பின்னாலேயே தேவநாதன். வீரம்மாள் குண்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்துவிட்டார். நெருப்பு முடிந்தது. இரண்டு பாதமும் ஈரக்கரையில் ஏறின.

ஏறி, ஒட்டிக்கொண்டன.

அவர் கரையில் நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் தேவநாதன் கங்கின் மேல் நிற்கிறான். சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஏறினால் தெய்வக் குற்றம். அதைவிட, அவன் நகர்ந்தால் அப்பன் மல்லாக்க நெருப்பில் விழுவார். உடம்பு ஏற்கெனவே பின்னால் சாய ஆரம்பித்துவிட்டது. தள்ளினாலோ, கையை ஊன்றாத மனிதர், குழிக்கு அந்தப் பக்கம் பதித்திருந்த கல்லில் மண்டை போய் மோதும்.

"தள்ளுடா, தள்ளிவுடுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

வீரம்மாள் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே பாய்ந்தாள். காப்பு கட்டாத பொம்பளை உள்ளே போகக்கூடாது என்று நாலு கைகள் அவளைப் பிடித்து இழுத்தன. பாஞ்சாலியின் கையும் அதில் ஒன்று. "வுடுங்கடி, ஒரே ஒரு காலு நீட்டிட்டு வந்துடறேன். வுடுங்கடி" என்று கத்தினாள். அந்தக் கத்தல் யாருக்குப் புரியும்?

அவனுக்குப் புரிந்தது. தேவநாதன் இரண்டு கையாலும் அப்பன் முதுகைத் தாங்கிக்கொண்டு, இடது காலைக் கங்கிலேயே ஊன்றி, வலது காலைத் தூக்கிப் பக்கவாட்டில் முன்னே நீட்டினான். மஞ்சள் பூசிய அந்தப் பாதம் சீனுவாசனின் பாதங்களுக்கு முன்னால் குறுக்காக வந்து நின்றது. சீனுவாசன் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தேவநாதன் ஒற்றைக் காலில் நெருப்பின் மேல் நின்றான். கத்தவில்லை. வாயை இறுக்கி மூடியிருந்தான். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று வீரம்மாளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்ல மாட்டாள். கடைசியில் சீனுவாசன் ஒரு காலைத் தூக்கினார். தாண்டினார். பால்குழியில் இறங்கி, ஏறி, அம்மனைப் பார்த்துக் கை கூப்பினார்.

"கோவிந்தா!" என்று மிச்சமிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. மாலை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பின்னால் பால்குழிக்குள் சுருண்டு விழுந்தவனை வீரம்மாள்தான் போய்த் தூக்கினாள்.

திண்டிவனத்தில் மருந்து வைத்துக் கட்டி, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இடது பாதம் முழுக்கப் போயிருந்தது. விரல்கள் தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

ஊர் அதற்குள் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது. நோயாளியை அம்மன் கை பிடித்துக் கடத்திவிட்டாள். சுத்தமாக இருந்தவனுக்கு நெருப்பு பூ. மகன் விரதத்தில் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறான், அதுதான் சுட்டுவிட்டது. வீரம்மாள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். "அவன் காலு நீட்டுனான்யா, நான் கண்ணால பாத்தேன்." புகையில் உனக்கு என்ன தெரிந்தது என்றார்கள். பெத்தவள் அப்படித்தான் பேசுவாள் என்றார்கள். கிருஷ்ணசாமி, இதற்கு மேல் பேசினால் அம்மனுக்கே அடுக்காது என்று எழுந்து போய்விட்டார். கண்ணால் கண்டதைச் சொல்லி ஒருத்தரையாவது நம்ப வைக்க முடியாத தன் வாயை அவள் வெறுத்தாள்.

மகனைப் பார்க்கச் சீனுவாசனை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் அவர் மாத்திரை வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வார்டு வாசலில் வழக்கம்போல் நின்றார். வீரம்மாள் காலை நீட்டினாள். தாண்டி உள்ளே வந்தவர், மகனின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இதே மாதிரிதான் வீரம்மா. நீ போடற மாதிரியே அம்மன் காலு போட்டா. மஞ்சக் காலு. என் கண்ணு முன்னால. பெத்த தாயி மாதிரி போட்டா" என்றார். சொல்லும்போது அந்த இறுகிய முகம் நெகிழ்ந்தது. உதடு கோணிக்கொண்டு பிரிந்தது. சீனுவாசன் சிரித்தார். "இனிமே எனக்கு மாத்திர எதுக்கு? அடுத்த வருசமும் எறங்குவேன்."

வீரம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடுத்த வருஷமா? "அது அம்மன் காலு இல்லங்க. இதோ கெடக்கிறானே, இவன் காலு. ஒங்க பின்னால நெருப்புல நின்னுக்கினு இவன்தான் நீட்டுனான். நீங்க மாத்திரய நிறுத்துனதாலதான் இவ்வளவும்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

சீனுவாசனின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக, உடம்பு முழுவதையும் திருப்பி, மகனைப் பார்த்தார். "ஏண்டா, ஒன் காலாடா அது?"

தேவநாதன் அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை அவன் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. வீரம்மாள், சொல்லுடா, சொல்லுடா என்று கண்ணால் கெஞ்சினாள்.

"இல்ல நைனா. நான் பின்னாலதான இருந்தேன்" என்றான்.

"பாத்தியா?" என்றார் சீனுவாசன் அவளிடம். பிறகு குரலைத் தாழ்த்தி மகனிடம் கேட்டார். "அப்போ இன்னாடா தப்பு பண்ண? நெருப்பு சுடற அளவுக்கு?"

தேவநாதன் கூரையைப் பார்த்தான். "திண்டிவனத்துல ஒரு நாளு பிரியாணி துன்னுட்டேன் நைனா."

சீனுவாசன் நடுங்குகிற கையை மகனின் கட்டுப் போட்ட காலுக்குக் கொண்டுபோனார். அது போய்ச் சேர நேரமாயிற்று. சேர்ந்ததும் கட்டின் மேல் பட்டும் படாமல் தடவினார். "போவட்டும் வுடு. சின்னப் பையன். அடுத்த வருசம் சுத்தமா இருடா. ரெண்டு பேருமா எறங்கலாம்."

"சரி நைனா" என்றான் அவன்.

வீரம்மாள் முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்த மாத்திரையோடு கட்டில் ஓரத்தில் நின்றாள்.